மூலமும் திருத்தமும்

1855 ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் உலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. மியூனிக் நகரத்தவரான ஹான்ப்ஸ்டெங்கல் என்னும் ஜேர்மானிய நிழற்படக் கலைஞர், அங்கே ஒரே மனிதருடைய உருவப்படத்தை இரண்டு பிரதிகளாக அருகருகே வைத்துக் காட்டினார் என்பர். ஒன்று கமரா கண்டபடியே அமைந்தது. மற்றையது நெற்றிச் சுருக்கமும் முகத்து வடுக்களும் நீங்கித் துலங்கியது. நிழற்படம் பொய் கூறாது என்று நம்பியிருந்த மக்கள் அந்த இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்து வியந்தனர். திருத்திய படத்தை மட்டும் அவர் மாட்டியிருப்பாராயின், அந்த மனிதர் நல்ல முகவெட்டு உடையவர் என்பதற்கு மேல் எவரும் எதனையும் அறிந்திருக்கமாட்டார். திருத்தாத பிரதி பக்கத்திலே இருந்தமையாற்றான் திருத்தம் என்பது ஒரு தனிக் கலையாகக் கண்ணுக்குப் புலப்பட்டது.

நிழற்படம் ஒன்றிலே இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒளி எழுதிய மூலம் ஒன்று. அதன்பின் மனிதன் கைவைத்துச் செய்த திருத்தம் மற்றொன்று. இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்து வைப்பது, எவ்வாறு அழியாமற் காப்பது என்னும் வினா நிழற்படக் கலையோடு ஏறக்குறைய உடன்பிறந்தது. இன்று கணினியில் படங்களைச் சேர்த்து வைத்திருப்போர் எல்லோரையும் அது தொடர்கின்றது.

1839 இல் டாகெர் வெளியிட்ட முறையிலே வெள்ளி பூசிய தகடு ஒன்றே படம். அதற்குப் பிரதி கிடையாது; ஆதலால் மூலத்தை வைத்துக்கொண்டு வேறொன்றைத் திருத்துதல் என்ற பேச்சுக்கும் இடமில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பட் 1841 இல் உரிமை பெற்ற முறையே நெகட்டிவ் என்பதை உலகுக்குத் தந்தது. ஒளி கருமையாகவும் நிழல் வெண்மையாகவும் தோன்றும் அந்த எதிர்ப்படத்திலிருந்து வேண்டிய அளவு பிரதிகள் எடுக்கலாம். பிரதியின் மேல் வண்ணம் தீட்டினாலும் கறை படிந்தாலும் நெகட்டிவ் பழுதின்றி இருக்கும். ஆயினும் மனிதர் விரைவிலே அந்த நெகட்டிவ் மீதே கைவைத்தனர். ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியே திருத்துவதிலும், நெகட்டிவில் ஒருமுறை திருத்திவிட்டால் வேலை மிச்சம் அல்லவா?

அக்காலத்து ஸ்டூடியோக்களில் இத்தொழிலுக்கெனவே தனியாட்கள் இருந்தனர். அவர்களிடம் இருந்த கருவிகளில் இரண்டு முக்கியமானவை: கூரிய பென்சில், சிறு கத்தி. முகச் சுருக்கம் நெகட்டிவில் மெல்லிய வெளிறிய கோடாக விழும். அதன்மேல் ஒருவகைப் பிசின் பூசிப் பென்சிலால் நிரப்பினால், பிரதியில் அச்சுருக்கம் மறைந்துவிடும். கத்தியின் வேலை இதற்கு மாறானது. படலத்தைச் சுரண்டி, பிரதியில் வெளுத்துத் தோன்றும் இடத்தைக் கருமையாக்கும். பென்சில் வேலை பிடிக்காவிட்டால் டர்ப்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்துவிடலாம். கத்தி சுரண்டிய இடத்தை எந்தத் திரவமும் மீட்டுத் தராது. மீட்கத்தக்க திருத்தம், மீட்கவியலாத திருத்தம் என்ற பாகுபாடு அந்த இருட்டறை மேசையிலேயே பிறந்தது. பின்வந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறும் இந்தப் பென்சிலுக்கும் கத்திக்கும் இடையே நிகழ்ந்த போட்டி என்று கூறினால் மிகையாகாது.

இலங்கையிலே தம் இறுதிக்காலத்தைக் கழித்து 1879 இல் டிக்கோயாவில் காலமான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், ஸ்டூடியோக்காரரின் மெருகை விரும்பாதவர். தூசியும் கைரேகையும் விரிசலும் விழுந்த தகடுகளை அப்படியே பிரதியெடுத்தார். சிலவற்றைத் தாமே கீறியும் வைத்தார். அதற்காக அக்காலத்து விமரிசகர் அவரைக் கடிந்தனர். இன்று அக்கீறல்களே அவர் கைவேலைக்கு அடையாளமாய் நிற்கின்றன.

மூலத்தை மறைப்பதற்காகவே திருத்தம் செய்த காலமும் உண்டு. 1937 இல் மொஸ்கோ–வொல்கா கால்வாய்க் கரையிலே ஸ்டாலின், மொலொட்டோவ், வொரோஷிலோவ் ஆகியோருடன் யெஷோவ் என்பவரும் நிற்கும் படம் எடுக்கப்பட்டது. இரகசியப் பொலிஸின் தலைவராக இருந்த யெஷோவ் பின்னர்ப் பதவியிழந்து 1940 இல் கொல்லப்பட்டார். அதன்பின் வெளிவந்த படத்தில் அவர் நின்ற இடத்திலே கால்வாய் நீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முந்திய பிரதி தப்பிப் பிழைத்தபடியாலேதான் இந்தச் செய்தி உலகுக்குத் தெரியவந்தது. பிரித்தானியரான டேவிட் கிங் இத்தகைய இரட்டைப் படங்களைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்து 1997 இல் நூலாக வெளியிட்டார். திருத்தியவர்கள் மூலத்தை முற்றாக அழித்திருந்தால் அந்த நூலுக்கே இடமிருந்திராது.

நேர்மையான கலைஞரின் கையிலும் கத்தியின் வேலை எவ்வளவு அச்சந்தருவது என்பதற்கு அமெரிக்கரான அன்செல் அடம்ஸ் சான்றாவார். 1941 இலையுதிர்காலத்து மாலை ஒன்றிலே, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுவதை அவர் கண்டார். கல்லறைச் சிலுவைகளின் மேல் மாலை வெயில் பட்டுக்கொண்டிருந்தது. ஒளியளவு காட்டும் கருவி அவசரத்தில் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி எவ்வளவு என்பதை நினைவிலிருந்து கணித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்கு ஆயத்தமாகுமுன் சிலுவைகளின் மேலிருந்த வெயில் மறைந்துவிட்டது. கிடைத்தது ஒரேயொரு நெகட்டிவ். அதிலும் முன்நிலப் பகுதி மிக மெலிந்திருந்தமையால் பிரதியெடுத்தல் பெரும்பாடாயிற்று. 1948 இல் அவர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். நெகட்டிவின் கீழ்ப்பாதியை மட்டும் இரசாயனத்திலே தோய்த்துத் தோய்த்து அதன் கருமையைக் கூட்டினார். பிழைத்திருந்தால் அந்த நிலவு அன்றோடு அஸ்தமித்திருக்கும், பிழைக்கவில்லை. 1937 இல் தம் இருட்டறை தீப்பற்றியபோது நெகட்டிவ்கள் பலவற்றை இழந்தவர் அவர். அத்தகையவர் ஒற்றை நெகட்டிவைத் திரவத்திலே தோய்த்த வேளையில் அவருடைய மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இளமையில் பியானோ வாசிப்பிலே தேர்ச்சி பெற்றவரான அடம்ஸ், நெகட்டிவை இசையமைப்பாளன் எழுதிய சுரக்குறிப்புக்கும் பிரதியை மேடையிலே நிகழும் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். அந்த ஒப்புமைக்கேற்பவே அவர் தொழிலும் நடந்தது. ஹெர்னாண்டஸ் படத்தின் தொடக்ககாலப் பிரதிகளில் வானம் வெளிறி, முகில்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறைய முழுக்கருமையாகிவிட்டது. எந்த இடத்தை எத்தனை விநாடி கையால் மறைப்பது, எந்த மூலைக்கு மிகையொளி கொடுப்பது என்பவற்றை அவர் குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பைத் திருத்தத்தின் செய்முறை எனலாம். படத்துக்கு வெளியே, படத்தைத் தொடாமல், தனித் தாளிலே திருத்தம் குடியேறியது. கணினி யுகம் பின்னாளில் கண்டடைந்த வழியின் வித்து இதுவே.

இதற்கு மறுதலையான நிலையை நம் நாட்டு லயனல் வென்ட் விடயத்திற் காணலாம். அவர் பெயர் கொழும்பு மக்களுக்கு ஓர் அரங்கத்தின் பெயராகவே பெரிதும் பழக்கம். இருட்டறையிலே ஒளியை மாற்றிப் பாய்ச்சியும், படத்தோடு படம் இணைத்தும் புதுமைகள் செய்தவர் வென்ட். 1944 இல் அவர் காலமான பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிந்துபோயின. எஞ்சியிருப்பவை பிரதிகளே. அவற்றில் கமரா கண்டது எவ்வளவு, இருட்டறை செய்தது எவ்வளவு என்பதைப் பிரதியை மட்டும் பார்த்துத்தான் உய்த்துணர வேண்டும். மூலமும் குறிப்பும் மறைந்து, வாசிப்பு மட்டும் எஞ்சிய இசை போன்றது அது.

கணினிப் படத்தின் வரலாறு 1957 இலே தொடங்குகிறது. அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்திலே ரசல் கேர்ஷ் என்னும் பொறியியலாளர், தம் மூன்று மாதக் குழந்தையின் சிறு படம் ஒன்றைக் கணினி ஏற்கும் எண்களாக மாற்றினார். நெடுக்கிலும் குறுக்கிலும் 176 கட்டங்கள், மொத்தம் 30,976. எண்ணாக மாறிய படத்தைப் பிரதிசெய்தால் மூலத்துக்கும் பிரதிக்கும் வேறுபாடே இராது. மூலத்தைக் காப்பதிலே இனி இடர் எதுவும் இல்லை என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு.

தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் உருவாக்கிய போட்டோஷொப் மென்பொருள் 1990 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதிலே படத்தைத் திருத்துவது என்றால் படத்துளிகளின் எண்களையே மாற்றுவதாகும். இறுதியாகச் செய்த ஒரு செயலை மட்டும் மீட்கலாம். அதற்கு முந்தியதை மீட்க வழியில்லை. திருத்திய படத்தை அதே பெயரிலே சேமித்தால் மூலம் அக்கணமே மறைந்துவிடும். கத்தியால் சுரண்டிய தகட்டிலாவது உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தழும்பு தெரியும். எண்ணின் மேல் எண் எழுதினால் தழும்பும் இல்லை. ஆக, புதிய கருவி வந்த தொடக்கத்திலே பென்சில் தோற்றுக் கத்தியே வென்றது எனல் வேண்டும்.

1992 இல் நியமமாக ஏற்கப்பட்ட ஜேபெக் முறை இந்த இடரைப் பெருக்கியது. படத்தை எட்டுக்கு எட்டுத் துளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, கண் எளிதிலே காணாத நுட்பங்களைக் கழித்துவிட்டுச் சுருக்கமாக எழுதிவைப்பது அம்முறை. இடம் மிச்சமாகும், அஞ்சலிலே அனுப்பவும் எளிது. ஆனால் திறந்து, சற்றே திருத்தி, மறுபடி சேமிக்கும்போதெல்லாம் கழித்தல் மீண்டும் நடைபெறும். திறந்து பார்ப்பதால் மட்டும் தீங்கில்லை. திருத்தித் திருத்திச் சேமிப்பதாற் படம் தேய்ந்துபோகும்.

இதனை உணர்ந்தோர் படிப்படியாக மாற்று வழி தேடினர். 1994 இல் போட்டோஷொப்பின் மூன்றாம் பதிப்பிலே அடுக்குகள் வந்தன. கண்ணாடித் தாளைப் படத்தின் மேல் வைத்து அதிலே எழுதுவது போன்றது அது. 1996 இல் நிறமும் ஒளியும் மாற்றும் கட்டளைகளையே தனி அடுக்காக வைக்கும் வசதி வந்தது. 1998 இல், செய்த செயல்களை வரிசையாகக் காட்டிப் பின்னோக்கிச் செல்லவிடும் பட்டியலும் சேர்ந்தது. இப்பட்டியலுக்கு வரலாறு என்று பெயரிட்டனர். ஆனால் கோப்பை மூடியதும் அந்த வரலாறு மறைந்துபோகும்! ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் நீடிக்கும் வரலாற்றுக்கு அப்பெயர் சற்று அதிகம்தான்.

உண்மையான திருப்பம் மூலத்தரவுக் கோப்பினால் வந்தது. கமராவின் உணர்தகடு பெற்ற ஒளியளவுகளைப் பக்குவம் செய்யாமல் அப்படியே பதியும் கோப்பு அது. தொழிலாளர் அதனை ரோ என்பர். அதனைப் படமாக்க வேண்டுமாயின் வெண்மை எது, ஒளி எவ்வளவு, கூர்மை எவ்வளவு என்று கட்டளையிட வேண்டும். தோமஸ் நோல் இதற்கென எழுதிய கமரா ரோ என்னும் இணைப்பு மென்பொருள் 2003 இல் வெளிவந்தது. அது மூலக் கோப்பிலே ஓர் எழுத்தையும் மாற்றாது. கட்டளைகளை மட்டும் தனியே எழுதிவைக்கும். 2005 இல் அப்பிள் நிறுவனத்தின் அப்பேச்சரும், 2007 இல் அடோபி நிறுவனத்தின் லைட்ரூமும் இவ்வழியையே தம் முழு அமைப்புக்கும் அடிப்படையாக்கின. மூலம் இரண்டு மூன்று கோடி பைட்டுகள் கொண்டதாயிருந்தால், அதன் திருத்தக் குறிப்பு சில ஆயிரம் பைட்டுகளில் அடங்கும். அடம்ஸின் இருட்டறைக் குறிப்பு மறுபிறவி எடுத்தது. நூறு வகையாகத் திருத்தினாலும் மூலம் தீண்டப்படாமல் இருக்கும்.

மூலம் காப்பாற்றப்பட்டது. அந்த நிமிடத்திலேயே புதியதோர் இழப்புக்கும் வழி பிறந்தது. அதுவே இவ்வரலாற்றின் வேடிக்கை. திருத்தம் படத்தைவிட்டுப் பிரிந்துவிட்டது அல்லவா? பிரிந்த பொருள் தனியே தொலையவும் கூடும். நெகட்டிவின் மேலிருந்த பென்சில் கோடு நெகட்டிவோடு சேர்ந்தே வாழ்ந்தது. கணினிக் குறிப்போ வேறோர் இடத்திலே வாழ்கிறது.

எங்கே வாழ்வது என்பதிலும் கருத்துகள் பலவாயின. லைட்ரூம் அக்குறிப்புகளை எல்லாம் ஒரே பெரும் பதிவேட்டுக் கோப்பிலே எழுதுகின்றது. ஆயிரக்கணக்கான படங்களை விரைவிலே தேட இது உதவும். ஆனால் அந்த ஒரு கோப்பு பழுதானால் பல ஆண்டுத் திருத்தமும் ஒருங்கே போய்விடும். அன்றியும், அம்மென்பொருள் தானாக எடுத்துவைக்கும் காப்புப்பிரதி அந்தப் பதிவேட்டுக்கு மட்டுமே உரியது. படங்கள் அதிலே இல்லை. இதனை அறியாமல், படங்களும் காப்பிலே இருக்கின்றன என்று நம்பி ஏமாந்தோர் பலர். மறுபுறத்தில், படங்களை மாத்திரம் வேறு வட்டிலே பிரதிசெய்து பதிவேட்டை மறந்தவர்களும் உளர். அவர்களுக்கு மூலம் எஞ்சும், உழைப்பு எஞ்சாது.

இரண்டாவது வழி துணைக்கோப்பு. அடோபி நிறுவனம் 2001 இல் அறிமுகம் செய்து, 2012 இல் சர்வதேச நியமமாகிய எக்ஸ்எம்பி என்னும் முறையிலே, ஒவ்வொரு மூலக் கோப்பின் பக்கத்திலும் அதே பெயருள்ள சிறு கோப்பொன்று குறிப்பைத் தாங்கியிருக்கும். ஒன்று பழுதானால் ஒரு படத்தின் குறிப்பு மட்டுமே போகும். ஆனால் இவ்விரண்டையும் இணைப்பது பெயர் ஒன்றே. மூலத்தின் பெயரை மாற்றிவிட்டுத் துணைக்கோப்பின் பெயரை மாற்ற மறந்தால் உறவு அறுந்துவிடும். மூன்றாவது வழியாக 2004 இலே வெளியிடப்பட்ட டிஎன்ஜி என்னும் கோப்புவகை, மூலத்தரவையும் குறிப்பையும் ஒரே உறைக்குள் வைக்கின்றது. அதிலே குறிப்பு தொலையாது. எனினும் குறிப்பை மாற்றும்போதெல்லாம் அந்தப் பெரிய உறையையே திறந்து எழுத நேரும்.

இம்மூன்றிலும் எதைக் கைக்கொண்டாலும் ஒரு தடை நிற்கின்றது. குறிப்பு எழுதப்பட்ட மொழியை வாசிக்க ஆள் வேண்டும். 2014 ஜூன் மாதத்திலே அப்பிள் நிறுவனம் அப்பேச்சரை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. 2015 இல் விற்பனையும் நின்றது. 2019 இல் வந்த கத்தலீனா என்னும் இயங்குதளத்திலே அது ஓடவும் இல்லை. லைட்ரூமுக்குக் குடிபெயர்ந்தோர் தம் படங்களைக் கொண்டுசென்றனர். இட்ட தரக்குறிகளும் தேடற்சொற்களும் உடன்சென்றன. ஒளியையும் நிறத்தையும் சீர்செய்த குறிப்புகள் செல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கு மற்றொன்றின் கணக்கோடு பொருந்தாது. 2016 இல் கூகிள் நிறுவனம் கைவிட்ட பிக்காசாவின் கதையும் இதற்கு அயலானதன்று. அதன் திருத்தக் குறிப்புகள் ஒவ்வோர் அடைவிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு கோப்பிலே கிடந்தன. இருப்பதே தெரியாத பொருளைப் பிரதிசெய்ய எவருக்குத் தோன்றும்? லைட்ரூமிலே 2003, 2010, 2012 எனக் கணக்குமுறைகள் ஆண்டுப்பெயரோடு வைக்கப்பட்டிருப்பதும் இந்த அச்சத்தாலேயே. புதிய முறை வந்தபோதும் பழைய படம் பழைய கணக்கின்படியே தோன்றவேண்டும் அல்லவா?

ஆதலால் அனுபவமுடையோர் இன்று மூலத்தையும் குறிப்பையும் காப்பதோடு, திருத்தி முடிந்த படத்தையும் டிஃப் போன்ற தேயாத வகைக் கோப்பிலே தனியே எழுதிவைக்கின்றனர். அம்மூன்றாவது பொருள், அடம்ஸின் குறிப்பும் நெகட்டிவும் போனாலும் சுவரிலே தொங்கும் பிரதியை ஒத்தது. இவற்றை எல்லாம் மூன்று பிரதிகளாக, இருவகை ஊடகங்களிலே, ஒன்றை வேறோர் ஊரிலோ கட்டடத்திலோ வைத்தல் வேண்டும் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர்.

மூலத்தைக் காத்தவர்க்கு அது சாட்சியாகவும் நின்று உதவும். உலகப் பத்திரிகைப் படப் போட்டியின் நடுவர்கள், இறுதிக்கு அணித்தாக வந்தோரிடம் கமரா தந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகின்றனர். 2015 இல் இறுதிக்கு முந்திய சுற்றை அடைந்த படங்களில் நூற்றுக்கு 20 அவ்வாறு ஒப்பிட்டபின் நீக்கப்பட்டன. ஹான்ப்ஸ்டெங்கல் தாமே முன்வந்து அருகருகே வைத்த இரண்டையும் இப்போது நடுவர் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. கமராவே தன் படத்திலே முத்திரையிட்டு, பின்னர் நிகழும் திருத்தங்களையும் அம்முத்திரையோடு தொடர்ந்து பதியும் ஏற்பாடு 2021 இலிருந்து பல நிறுவனங்கள் கூடி வகுத்துவருவது. 2023 இல் லைக்கா நிறுவனம் அத்தகைய கமராவை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது.

மூலமே முற்றாய் அழிந்த இடத்திலே திருத்தக் குறிகள் தாங்கிய தாள் கைகொடுத்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஜோன் கெனடியின் தேர்தற் காலத்திலும் ஆட்சித் தொடக்கத்திலும் அவருடன் இருந்து படமெடுத்தவர் ஜாக் லோ. அவருடைய நெகட்டிவ்கள் சுமார் 40,000. தீயும் நீரும் அணுகாத இடம் என்று நம்பி அவற்றை நியூயோர்க் உலக வர்த்தக மையக் கட்டடத் தொகுதியிலிருந்த வங்கிப் பெட்டகத்திலே வைத்திருந்தனர். 2001 செப்டெம்பர் 11 ஆம் நாள் அவை யாவும் அழிந்தன. லோ அவ்வாண்டு மே மாதத்திலேயே காலமாகியிருந்தார். நெகட்டிவ் அளவிலேயே எடுத்த சிறு பிரதிகள் கொண்ட தாள்கள் மட்டும் வேறோர் இடத்தில் இருந்தபடியால் தப்பின. எதனைத் தெரிவது என்று அவர் தம் கையால் அத்தாள்களின் மேல் குறிகள் இட்டிருந்தார். வொஷிங்டனில் அந்நாளிலே இயங்கிய நியூசியம் என்னும் பத்திரிகைக் காட்சிச்சாலையின் வல்லுநர், அத்தாள்களைக் கணினியில் ஏற்றி, நகப்பருமனான படங்களைப் பெருப்பித்து, கீறலும் தூசியும் நீக்கி, 2013 இலே கண்காட்சியாக வைத்தனர். படத்தின் குறுக்கே ஓடிய லோவின் குறிகளையும் அவர்கள் துளித்துளியாக அகற்றவேண்டியிருந்தது. அகற்றியது கணினிப் பிரதியிலே. தாள்களில் அவர் இட்ட குறிகளை எவரும் தொடவில்லை.